புரூடரிலிருந்து கொட்டகைக்கு: ஒரே நாளிலா, கொஞ்சம் கொஞ்சமாகவா?

தாய்க்கோழி இல்லாத குஞ்சுகளைப் பல்புச் சூட்டில் வளர்க்கும் அடைப்புதான் புரூடர். மூன்று வாரம் முடிந்ததும் அந்தப் பல்பை அணைத்துவிட்டு, குஞ்சுகளைக் கூடையில் அள்ளிப் போய்க் கொட்டகையில் விட்டுவிடுவது ஒரு வழி. பதினைந்தாம் நாள் முதலே பகலில் பஞ்சாரம் என்ற கூடையைக் கவிழ்த்து மண்ணில் மேயவிட்டு, பொழுது சாய்ந்ததும் புரூடருக்கே திருப்பிக் கொண்டுவந்து, ஐந்து வாரம் கழிந்தபின் கொட்டகையில் தங்கவிடுவது இன்னொரு வழி. நாட்டுக்கோழிக் குஞ்சுகளை நான் இரண்டு விதமாகவும் மாற்றிப் பார்த்திருக்கிறேன்.

ஒரே நாளில் மாற்றுவதைச் சோம்பேறித்தனம் என்று தள்ளிவிட முடியாது. முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைப்பது என்பதுதான் புரூடர் கணக்கு. அப்படிப் பார்த்தால் நான்காம் வாரத்துக் குஞ்சுக்கு 26 டிகிரி போதும். சித்திரை, வைகாசியில் நம் சமவெளிக் கொட்டகைகளில் நள்ளிரவிலும் அந்தச் சூடு இருக்கும். வளர்ந்த குஞ்சுகளைப் புரூடரிலேயே நெருக்கி வைத்தால் ஒன்றையொன்று கொத்தத் தொடங்கும்; கீழே பரப்பிய உமி ஈரமானால் ரத்தக் கழிச்சல் நோய் வந்து நிற்கும். இருநூறு குஞ்சு வைத்திருப்பவர் காலையும் மாலையும் தூக்கிக்கொண்டு நடப்பதும் ஆகாத காரியம்.

மார்கழியில் இந்தக் கணக்கு அப்படியே கவிழ்ந்துவிடுகிறது. ஒருமுறை மூன்றரை வாரக் குஞ்சுகள் நாற்பதை மாற்றினேன். பகல் முழுக்க உமியைக் கிளறிக்கொண்டு நன்றாகத்தான் ஓடியாடின. விடியலில் கதவைத் திறந்தால் ஒரு மூலையில் ஒரே குவியல். மேலே கிடந்தவை எழுந்து ஓட, அடியில் ஏழு குஞ்சுகள் தட்டையாக நசுங்கிக் கிடந்தன. மேனியில் இன்னும் சூடு இருந்தது. குளிர் தாங்காமல் ஒன்றின்மேல் ஒன்று ஏறியதில் அடியில் இருந்தவை மூச்சுமுட்டிப் போயிருக்கின்றன. இன்றைக்கும் அந்த மூலை கண்ணில் நிற்கிறது. அதற்குப் பிறகு அட்டையை வளைத்து வைத்து மூலையே இல்லாதபடி செய்த பிறகுதான் எந்தக் குஞ்சையும் கொட்டகையில் விடுகிறேன்.

பஞ்சார வழியின் பலம் மண்ணில் இருக்கிறது. தினம் சிறிது நேரம் மண்ணில் மேயும் குஞ்சு ரத்தக் கழிச்சல் கிருமியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சந்தித்து எதிர்ப்பைப் பழகிக்கொள்கிறது. காற்று, வெயில், காகத்தின் சத்தம் எல்லாமே அதற்குப் பழகிவிடும். இதிலும் கவனம் தேவை. பனி ஈரம் காய்ந்தபிறகே, எட்டரை மணிக்கு மேல்தான் வெளியே விட வேண்டும். காலையில் முருங்கை நிழலில் வைத்த பஞ்சாரம் பதினொரு மணிக்கு நடுவெயிலில் நிற்கும். அதை நகர்த்த ஆள் இல்லாத வீட்டுக்கு இந்த வழி வேண்டாம். மேலே பருந்து, கீழே கீரி என்பதால் பஞ்சாரத்தின் மேல் கல் வைப்பதையும் மறக்கக் கூடாது.

ஐம்பது குஞ்சுக்குள் என்றால் நான் பஞ்சாரத்தின் பக்கம்தான். அதற்கு மேல் போனால் குஞ்சோடு பல்பையும் கொட்டகைக்குக் கொண்டுபோய், ஒரு வாரம் இரவில் மட்டும் எரியவிடுங்கள். பழைய தீவனத் தட்டும் தண்ணீர்க் குடுவையும் கூடவே போகட்டும். அடைக்கோழி ஒன்று கிடைத்தால் இந்தக் கவலையே இல்லை. ஆனால் பத்துப் பன்னிரண்டு குஞ்சுக்கு மேல் அதன் இறக்கைக்குள் அடங்காது. எந்த வழியானாலும் வெள்ளைக்கழிச்சலுக்கான ஏழாம் நாள் சொட்டு மருந்தும் அடுத்த தவணையும் முடியாமல் மாற்ற வேண்டாம். பெரிய கோழிகளோடு உடனே கலக்காமல், இரண்டு வாரமாவது நடுவில் வலை கட்டுங்கள்.

நாளை எண்ணுவதைவிட நான் முதுகைத்தான் பார்க்கிறேன். குஞ்சைக் கையில் எடுத்து முதுகின் நடுவில் வாயால் ஊதி விரலால் விலக்கினால், பஞ்சு போன்ற குஞ்சு மயிர் போய் இறகு மூடியிருக்க வேண்டும். தோல் தெரிந்தால் இன்னும் நாள் இருக்கிறது. மாற்றிய முதல் இரவு ஒன்பது மணிக்கு விளக்கில்லாமல் கொட்டகை வாசலில் நின்று கேளுங்கள். மெல்லிய முனகல் என்றால் தூங்கப் போகலாம். கீச்சென்று விடாமல் கத்தினால் அன்றைக்கே புரூடருக்குத் திருப்பிவிடுங்கள்.