செம்பனைக் காடு, செம்மண் சடக்கு, கொமுட்டர் ரயில்: நான்கு வருட மலைச்சைக்கிள் அனுபவம்

நான்கு வருடமாக என் வேலைப் பயணம் இதுதான். மலேசியாவில், பத்தாங்காலிக்கு வெளியே இருக்கும் எங்கள் தோட்டத்திலிருந்து ரயில் நிலையம் வரை 6 கிலோமீட்டர் மலைச்சைக்கிள். அங்கிருந்து கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் நிலையம் வரை கொமுட்டர், அதாவது புறநகர் ரயில். அப்புறம் பிரிக்பீல்ட்ஸில் அலுவலகம் வரை பத்து நிமிட நடை. மாலையில் இதே வழியில் வீடு. விடுப்பு நாள்களைக் கழித்தாலும் சைக்கிள் 10,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடிவிட்டது. இதே போல் ஆரம்பிக்க நினைக்கும் ஒருவருக்காவது உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஆறு கிலோமீட்டருக்கு எதற்கு மலைச்சைக்கிள் என்று கேட்பவர்கள் தோட்டத்துச் சடக்கை, அதாவது மண் சாலையை, பார்த்திருக்க மாட்டார்கள். பெரிய சாலையில் போனால் சுற்று, லாரிகளும் அதிகம். செம்பனைக்குள், அதாவது எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்குள், போனால் பாதி நேரம், ஆனால் அதில் 4 கிலோமீட்டர் வெறும் செம்மண். குலை ஏற்றும் லாரி மழை நாளில் ஒரு தடவை போய்வந்தால் போதும், முழங்கை ஆழத்துக்குத் தடம் விழுந்துவிடும். முதலில் ஒரு மடக்குச் சைக்கிளைத்தான் வாங்கினேன். ரயிலுக்குள்ளேயே கொண்டு போகலாம் என்ற ஆசை. அதன் சின்னச் சக்கரம் அந்தத் தடத்துக்குள் இறங்கினால் ஏறவே ஏறாது. இரண்டே மாதத்தில் விற்றுவிட்டு, 27.5 அங்குலச் சக்கரமும் முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷனும் உள்ள ஓர் அலுமினியச் சைக்கிளை 2,300 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன். பின்பக்க சஸ்பென்ஷன் இந்தப் பாதைக்குத் தேவையே இல்லை. அதில் சேறு புகுந்தால் பராமரிப்புச் செலவுதான் கூடும்.

ஆனால் சைக்கிளைவிட டயர்தான் முக்கியம் என்று எனக்குப் புரிய மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதத்தில் ஏழு பஞ்சர். எல்லாம் செம்பனை மட்டையின் முள். மட்டையை வெட்டி வரிசைக்கு நடுவே அடுக்கிவிடுவார்கள், சரி. ஆனாலும் அடிமட்டையிலிருந்து உடைந்த முள் பாதையில் கிடக்கும். காய்ந்தால் ஊசி மாதிரி விறைப்பாக இருக்கும். விடிவதற்கு முன், கைப்பேசி வெளிச்சத்தில், கொசுக்கடியோடு டியூப் மாற்றிக்கொண்டிருக்கும்போது தூரத்தில் ரயில் போகும் சத்தம் கேட்கும். அடுத்த ரயிலுக்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டும். அதற்கு மேல் தாங்காமல் டியூப்லெஸ் டயருக்கு மாறினேன். டியூப் கிடையாது. டயருக்குள் சீலண்ட் என்று ஒரு வெள்ளைத் திரவத்தை ஊற்ற வேண்டும். முள் குத்தியதும் காற்று வெளியே வரும் வேகத்தில் அந்தத் திரவமும் ஓட்டைக்கு வந்து, அங்கேயே உறைந்து அடைத்துக்கொள்ளும்.

முதல் தடவை வீட்டு வாசலில் உட்கார்ந்து அந்தப் போத்தலைத் திறந்தேன். உள்ளே இருந்த அம்மா வாடை பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். "டேய், இது பால்டா. அமோனியா போட்ட பால்." இருபத்தைந்து வருடம் பால்மரம் வெட்டிய, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்த, கை அது. நான் போத்தலைப் படித்துப் பார்த்தேன். அம்மா சொன்னது சரிதான், ரப்பர் பாலை வைத்துச் செய்ததுதான் அந்தச் சீலண்ட். பால் உறைந்து போகாமலிருக்க அன்று தோட்டத்தில் கலந்த அதே அமோனியாதான் போத்தலுக்குள்ளும். மூன்று மாதம் கழித்து டயரைக் கழற்றியபோது உள்பக்கத்தில் நூல் நூலாக ரப்பர் ஒட்டியிருந்தது. அம்மா அதை ஒரே இழுப்பில் உரித்து, இரண்டு விரலுக்கிடையே உருட்டிப் பார்த்து, "ஒட்டுப்பால்" என்றார். உறைந்து ஒட்டிக்கொள்ளும் ரப்பர் பாலுக்குத் தோட்டத்தில் அதுதான் பெயர். மரத்தில் பால் பிடிக்கும் மங்கிலிருந்து உரிப்பதைப் போலவே உரித்தார், ஒரு துண்டுகூட அறுந்து மிச்சமிருக்கவில்லை.

நம் வெயிலில் சீலண்ட் சீக்கிரம் காய்ந்துவிடும். இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை கட்டாயம் ஊற்றுங்கள். டியூப்லெஸ்ஸுக்கு மாறிய பிறகு பாதையில் நான் நின்றது மொத்தமே இரண்டு தடவைதான்.

அடுத்தது விளக்கு. மலேசியத் தீபகற்பத்தில் ஏழு மணி வாக்கில்தான் சூரியன் வரும். 1982 ஜனவரி 1-ஆம் தேதி கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளியதிலிருந்து காலை இருட்டு இன்னும் நீண்டுவிட்டது. 5.45-க்குக் கிளம்புகிற எனக்குப் பாதை முழுக்கக் கும்மிருட்டு. ஒரு விளக்கு கைப்பிடியில், இன்னொன்று தலைக்கவசத்தில் வேண்டும். வளைவில் தலை திரும்பும் பக்கம் வெளிச்சம் விழாவிட்டால் உதிர்ந்து கிடக்கும் செம்பனைப் பழம் கண்ணுக்குத் தெரியாது. அது டயருக்கடியில் நசுங்கினால் எண்ணெயில் வழுக்குவதுபோல வழுக்கும். என் இடது முழங்கையில் இருக்கும் தழும்பு அப்படி வந்ததுதான். எலியைப் பிடிப்பதற்காகத் தோட்டத்தில் ஆந்தைக்குக் கம்பத்தில் பெட்டி வைத்திருக்கிறார்கள். சில நாள் விளக்கு வெளிச்சத்தின் குறுக்கே வெள்ளையாக ஒன்று சத்தமே இல்லாமல் கடந்து போகும். அந்த ஒரு நொடிக்காகவே சீக்கிரம் எழுந்திருக்கலாம்.

பிரேக் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். டிஸ்க் பிரேக்தான் வேண்டும். கடையில் வரும் ரெசின் பேடை, அதாவது தட்டைப் பிடித்து நிறுத்தும் பிசின் கட்டையை, செம்மண் சேறு தேய்த்துத் தின்றுவிடும். உலோகப் பேடுக்கு மாறுங்கள், சத்தம் கொஞ்சம் போடும், ஆனால் உழைக்கும்.

சைக்கிளை எங்கே விடுவது என்பதுதான் பலரைத் தயங்க வைக்கிறது. நான் ரயிலில் ஏற்றுவதில்லை. நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஓர் அக்காவின் ஒட்டுக்கடை, சின்னச் சாப்பாட்டுக் கடை, இருக்கிறது. அதன் பின்னால் கூரைக்கடியில், கனமான யூ பூட்டுப் போட்டுத் தூணோடு சேர்த்துக் கட்டிவிட்டுப் போவேன். மாதம் 20 வெள்ளி கொடுக்கிறேன். முதலில் வாங்க மறுத்தார், "தம்பி, இடம் சும்மாதானே கிடக்கு." விடாமல் கொடுத்த பிறகுதான் வாங்கிக்கொண்டார். காலையில் அங்கேயே சட்டை மாற்றி, பசியாறிவிட்டு ரயிலேறுவேன். அலுவலகச் சப்பாத்து மேசைக்கடியிலேயே கிடக்கும். ரயிலில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். முன்பு மோட்டாரில் ஹைவேயில் போய்வந்த காலத்தில் வீட்டுக்கு வந்தால் பேசக்கூடத் தெம்பிருக்காது. இப்போது அந்த நேரத்தில் படிக்கிறேன், தூங்குகிறேன்.

மழையை மட்டும் நான் ஜெயிக்கவில்லை. ஏப்ரலிலும், அக்டோபர் நவம்பரிலும் மாலையில் இடியோடு கொட்டும். நனைவது பரவாயில்லை, மின்னலில் செம்பனைக்குள் போகக் கூடாது. அக்கா கடையில் ஒரு தே தாரிக்கோடு (ஆற்றிய பால் தேநீர்) உட்கார்ந்துவிடுவேன், ஒரு நாள் எட்டரை மணி வரைக்கும்கூட. வீட்டில் சின்னக் குழந்தை இருப்பவர்கள் இதை யோசித்துவிட்டு இறங்குங்கள்.

இந்த வாரம் செயினை அளந்து பார்த்தேன், நீண்டுவிட்டது. இது நான்காவது செயின். போன தடவை மாற்றத் தள்ளிப்போட்டதால் பின்பக்கப் பல்சக்கரமும் சேர்ந்து தேய்ந்து செலவு இரண்டு மடங்கானது. புதுச் செயின் வாங்கி வைத்துவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை மாட்ட வேண்டும்.