குர்சுரா நீர்மூழ்கி அருங்காட்சியகம்: பத்து நிமிடத்தில் பார்த்துவிடாதீர்கள்

விசாகப்பட்டினம் ஆர்.கே. கடற்கரையில் கரையேற்றி நிறுத்தியிருக்கும் ஐ.என்.எஸ். குர்சுரா மாதிரி வடிவம் அல்ல, நிஜக் கப்பல். சோவியத் கட்டுமானம். 1969 டிசம்பரில் நம் கடற்படையில் சேர்ந்து 2001 பிப்ரவரியில் ஓய்வுபெற்றது. 2002 ஆகஸ்டிலிருந்து அருங்காட்சியகம். இதே வகையைச் சேர்ந்த வாக்லி என்ற நீர்மூழ்கியை மாமல்லபுரத்தில் வைக்கும் திட்டம் கைகூடாததால், தமிழ்நாட்டிலிருந்து இதற்காகவே ரயிலேறிப் போனாலும் தகும்.

91 மீட்டர் நீளக் கப்பலுக்குள் ஆள் நடக்க ஒரே ஒரு குறுகிய வழி. பின்னால் வருபவர் நெருக்கினால் நீங்கள் நகர்ந்தே ஆகவேண்டும். பலரும் பத்தே நிமிடத்தில் மறுமுனையில் இறங்கிவிடுவது இதனால்தான். ஞாயிறு, விடுமுறை மாலைகளைத் தவிருங்கள். திங்கட்கிழமை விடுமுறை. மற்ற வார நாட்களில் மதியத்துக்கு மேல்தான் திறப்பது வழக்கம் (கிளம்புமுன் நேரத்தை உறுதிசெய்துகொள்ளுங்கள்). திறக்கும்போதே உள்ளே போனால் வழிகாட்டிகளிடம் நின்று பேசலாம். அவர்கள் ஓய்வுபெற்ற கடற்படையினர். பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும்; ஒரு வால்வைக் காட்டி ‘இது எதுக்குங்க?’ என்று கேட்டுப் பாருங்கள்.

ஏறும்போதே ஒன்றைக் கவனியுங்கள். பார்வையாளர் நுழையும் கதவு பிறகு வெட்டியது. மாலுமிகள் மேலே உள்ள மூடியைத் திறந்து, செங்குத்து ஏணியில்தான் இறங்கினார்கள்.

கப்பல் ஏழு அறைகள். ஓர் அறையில் தண்ணீர் புகுந்தால் அதோடு நிற்கட்டும் என்று இடையில் கெட்டியான தடுப்புச் சுவர்கள், அவற்றில் வட்டத் துளைகள். முதலில் ஒரு காலை அந்தப் பக்கம் வைத்து, குனிந்து தலையை நுழைத்து, பிறகு மறுகாலை எடுக்கவேண்டும். தலையை முதலில் விட்டால் நெற்றியில் இடிபடும். முதுகுப்பை மாட்டிக்கொண்டு போகாதீர்கள். புடவையை விட சுடிதார் வசதி. முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சிரமம். சக்கர நாற்காலிக்கு வழியே இல்லை.

முதல் அறையில், நீருக்கடியில் பாய்ந்து எதிரிக் கப்பலைத் தாக்கும் டார்பிடோக்களை ஏவ 6 குழாய்கள், ஒவ்வொன்றும் 533 மில்லிமீட்டர் விட்டம். வால் பக்கம் இன்னும் 4. மொத்தம் 22 டார்பிடோக்கள் கொள்ளும். எல்லாரும் இங்கே படமெடுத்துவிட்டு நகர்கிறார்கள். நேரத்தைச் செலவிடவேண்டியது மூன்றாவது அறையிலும் ஐந்தாவது அறையிலும். மூன்றாவது கட்டுப்பாட்டு அறை. பெரிஸ்கோப்பைச் சுற்றி எவ்வளவு இடம் இருக்கிறது என்று பாருங்கள். மூழ்குவதும் எழுவதும் இங்கிருந்துதான்: தொட்டிகளில் கடல்நீரை விட்டால் கப்பல் இறங்கும், அழுத்தக் காற்றால் நீரை வெளியே தள்ளினால் ஏறும்.

ஐந்தாவதில் மூன்று டீசல் இன்ஜின்கள், தலா 2,000 குதிரைத்திறன். டீசல் எரியக் காற்று வேண்டும். ஆழத்தில் காற்று ஏது? அங்கே பேட்டரியில்தான் ஓட்டம். பேட்டரி இறங்க இறங்க, நீர்மட்டத்துக்கு அருகே வந்து காற்றுக்குழாயை வெளியே நீட்டி, டீசலை ஓட்டிச் சார்ஜ் ஏற்றவேண்டும். இந்த வகை நீர்மூழ்கி எதிரியிடம் மாட்டுகிற நேரம் அதுதான். அந்தப் பேட்டரிகள் இரண்டாவது, நான்காவது அறைகளின் தளத்துக்கு அடியில் இருந்தவை. நாம் அவற்றின் மேலேதான் நடக்கிறோம் என்று தெரியாமலே பலர் கடந்துபோகிறார்கள். இருந்தவர்கள் சுமார் 75 பேர்; படுக்கைகளைப் பார்த்தால் நெருக்கடி புரியும்.

இதை முடித்துவிட்டுச் சாலைக்கு எதிர்ப்புறம் போங்கள், வரிசையை மாற்றாதீர்கள். அங்கே நிற்கும் டி.யு.-142, நீர்மூழ்கிகளைத் தேடிப் பிடிக்கவே உருவான விமானம். அரக்கோணத்தில் உள்ள ராஜாளி கடற்படை விமானத் தளத்திலிருந்து பறந்தது, 2017 மார்ச்சில் ஓய்வுபெற்றதும் அங்கேதான். விசாகப்பட்டினத்தில் அருங்காட்சியகமானது அதே ஆண்டு டிசம்பரில். கூடத்தில் சோனோபாய்களை நின்று பாருங்கள்: வானிலிருந்து கடலில் போட்டால் மிதந்தபடி நீருக்கடியிலுள்ள ஒலியைக் கேட்டு விமானத்துக்கு அனுப்பும் கருவி. டீசல் அறையைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு, அது எந்த ஓசைக்காகக் காத்திருந்தது என்று சொல்லவே வேண்டாம். வெளியே, ஒவ்வொரு இன்ஜினிலும் எதிரெதிராகச் சுழலும் இரட்டை புரொப்பல்லர்களை இறக்கைக்குக் கீழே நின்று பாருங்கள்.

நீர்மூழ்கிக்கு ஒரு மணி நேரம், விமானத்துக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். மிச்ச நேரம் இருந்தால் அதே கடற்கரைச் சாலையில் 1971 போர் நினைவுச்சின்னம் இருக்கிறது. அதற்குக் கால் மணி நேரம் போதும்.