மூடித் திறந்தால் இருட்டு: என் லேப்டாப் பற்றி

அத்தை மகன் கேட்டிருந்தான்: "நீங்க வச்சிருக்கிற அதே மாடல் இப்போ விலை இறங்கியிருக்கு, வாங்கலாமாக்கா?" ஆமாம், இல்லை என்று பட்டென்று சொல்ல முடியாததால் விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த மெஷினின் கீபோர்டு மாதிரி நான் தொட்டதில்லை. மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் மாலை இடி மழைக்கு கரண்டு போனாலும் பேட்டரி என்னைக் கைவிட்டதில்லை. ஆனால் மூடியதும் போகும் ஸ்லீப் என்ற தூக்கத்திலிருந்து எழுப்பினால் சில நேரம் திரை வராது. செம்பனைக் (எண்ணெய்ப் பனை) குலை லாரி எடை மேடையில் நிற்கிறது, லாரி ஓட்டும் அண்ணன் எடைச் சீட்டுக்காக ஜன்னலில் கை வைத்துக் காத்திருக்கிறார், இங்கே கேப்ஸ் லாக் விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு. அந்த நேரத்தில் வரும் ஆத்திரத்தை எழுத்தில் சொல்ல முடியாது.

ஈப்போவில் ஒரு கடையில் காட்டினேன். திறந்துகூடப் பார்க்காமல் பேனலை, அதாவது திரைத் தகட்டையே, மாற்ற வேண்டும், 480 ரிங்கிட் என்றார்கள். எனக்கு ஒப்பவில்லை. கறுத்த திரையில் டார்ச் அடித்துப் பார்த்திருந்தேன். படம் மங்கலாகத் தெரிந்தால் பின்விளக்குக் கோளாறு, எனக்கோ எதுவுமே தெரியவில்லை. எச்டிஎம்ஐ வயரை டிவியில் செருகினால் படம் பளிச்சென்று வந்தது. அதைவிட முக்கியம், விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) என்ற நான்கு கீகளையும் சேர்த்து அழுத்தினால் 'பீப்' என்று ஒரு சத்தம், திரை வந்துவிடும். அந்தக் கீகள் டிஸ்ப்ளே டிரைவரை, அதாவது திரைக்குப் படம் அனுப்பும் மென்பொருளைத்தான், மறுபடி தொடங்க வைக்கின்றன. அதற்கே திரை வருகிறது என்றால் பேனல் மேல் எப்படிப் பழி போடுவது?

அதனால் தயாரிப்பாளர் தளத்திலிருந்தே டிரைவரை இறக்கிப் போட்டேன், தொல்லை பாதி குறைந்தது. அப்புறம் இன்டெல் கிராபிக்ஸ் ஆப்பில் பேனல் செல்ஃப் ரிஃப்ரெஷ் என்று ஒரு வசதி இருக்கிறது; படம் அசையாமல் இருக்கும்போது பேனல் தன் நினைவகத்திலிருந்தே காட்டி பேட்டரியை மிச்சப்படுத்தும். அதை அணைத்ததும் இன்னும் குறைந்தது. ஒன்று கவனி, ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று விண்டோஸை வேகமாகத் தொடங்க வைக்கும் வசதி இயங்கும்போது ஷட் டவுன் செய்து திறப்பதால் டிரைவர் புதிதாகத் தொடங்காது, பழைய நிலையைச் சேமித்து வைத்துத்தான் எழும். ரீஸ்டார்ட்தான் உண்மையில் புதிது.

கடைசியில் மூடியை மூடினால் ஸ்லீப் வேண்டாம், ஹைபர்நேட் (எல்லாவற்றையும் டிஸ்க்கில் சேமித்துவிட்டு அணைவது) ஆகட்டும் என்று பவர் ஆப்ஷன்ஸில் மாற்றினேன். அதோடு தொல்லை நின்றது. எழும்ப நேரம் கூடுதலாகிறது, லாரி காத்திருக்கையில் அதுவும் உறுத்தத்தான் செய்கிறது. இவ்வளவு நல்ல கீபோர்டைச் செய்யத் தெரிந்தவர்களுக்கு மூடித் திறந்தால் திரை வர வேண்டும் என்பது தெரியாமல் போனதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

என்னுடையதை விற்பேனா என்றால் விற்க மாட்டேன். நீ வாங்கலாமா என்றால், வேண்டாம் தம்பி, அந்தக் காசுக்கு வேறு பார். மனசு கேட்கவில்லை, இதுதான் வேண்டும் என்றால், கடையிலேயே மூடி வைத்துவிட்டு வெளியே போய் நிதானமாக ஒரு தே தாரிக் (ஆற்றிய பால் டீ) குடித்துவிட்டு வந்து திற. உடனே திறந்து பார்ப்பதில் பயனில்லை, நன்றாகத் தூங்கிய பிறகுதான் இது இந்த வேலையைக் காட்டும்.