தாய்லாந்து குரூப் டூர்: கடைசி நாட்கள் எப்படி இருந்தன?

ஈரோட்டில் ரெடிமேட் கடை வைத்திருக்கிறேன். பிறந்த வீடு சென்னிமலைப் பக்கம், தறிக்காரக் குடும்பம். எங்கள் பகுதி ஜவுளிக்காரர்கள் குடும்பம் குடும்பமாகச் சேர்ந்து தாய்லாந்து போய் வந்தோம். பட்டாயா, கோ லார்ன் தீவு, நோங் நூச் தோட்டம் பற்றியெல்லாம் வேண்டிய அளவு வீடியோக்கள் இருக்கின்றன. அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன். பாங்காக்கில் கழித்த கடைசி நாட்களைப் பற்றித்தான் எழுத வந்தேன். பேக்கேஜ் பேசும்போது அந்தப் பகுதியை யாரும் விவரமாகக் கேட்பதில்லை. எங்களுக்கு நேரம் வீணானதும் அங்கேதான், மனசு நிறைந்ததும் அங்கேதான்.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். திட்டத்தில் 'அரை நாள் சிட்டி டூர்' என்று ஒரு வரி இருந்தது. காலையில் வாட் ட்ரைமிட் கோயில். அங்கே இருப்பது ஐந்தரை டன் எடையுள்ள பொன் புத்தர். காலங்காலமாக மேலே சாந்து பூசியிருந்ததால் உள்ளே தங்கம் இருப்பதே யாருக்கும் தெரியாமல் இருந்து, 1955-இல் இடம் மாற்றும்போது பூச்சு உடைந்துதான் வெளியே வந்தது. இதைக் கைடு சொல்லி முடிப்பதற்குள் பஸ் ஹாரன். அடுத்து வாட் போ. 46 மீட்டர் நீளத்துக்குச் சாய்ந்து படுத்திருக்கும் புத்தரின் தலைப்பக்கம் நின்று படம் எடுத்தோம். உள்ளங்காலில் முத்துச்சிப்பி இழைத்து 108 மங்கலச் சின்னங்கள் செய்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் போய் நின்று பார்க்க வேண்டிய வேலைப்பாடு அது. எங்கள் குழுவில் பாதிப் பேர் அதைப் பார்க்கவே இல்லை, ஏனென்றால் நேரமாகிவிட்டது.

எதற்கு நேரமாகிவிட்டது? ரத்தினக்கல் கடைக்கு. அங்கே மட்டும் ஒன்றரை மணி நேரம். முதலில் ஒரு படம் போட்டுக் காட்டினார்கள், அப்புறம் பெரிய ஹால், குடும்பத்துக்கு ஒரு விற்பனைப் பெண் கூடவே நடந்து வந்தார். எல்லா கவுன்டரையும் கடந்தால்தான் வெளியே போகிற கதவு. அந்தப் பெண்கள் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள், அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. கோயிலுக்கு என்று எங்களிடம் பணம் வாங்கிவிட்டு அந்த நேரத்தைக் கடைக்குக் கொடுத்த டூர்காரர்கள் மேல்தான் வருத்தம். வயதானவர்கள் சோபாவில் சும்மா உட்கார்ந்திருந்ததைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. பேக்கேஜ் பேசும்போதே 'கடை நிறுத்தம் எத்தனை, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம்' என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த நாள் ஃப்ரீ. அந்த ஒரு நாளுக்காகவே இந்தப் பயணத்துக்கு நல்ல மதிப்பெண் கொடுப்பேன். ஹோட்டல் பிரதுனாம் பகுதியில் இருந்ததும் வசதியாகப் போயிற்று. 300 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் பையோக் டவர் எங்கிருந்து பார்த்தாலும் தெரியும், அதைப் பார்த்தே ரூமுக்குத் திரும்பி வந்துவிடலாம். சைவச் சாப்பாட்டுக்கும் சிரமமில்லை, அக்கம்பக்கத்திலேயே இந்திய ஓட்டல்கள் இருக்கின்றன.

பிரதுனாம் மொத்த ஜவுளி வியாபாரம் நடக்கிற இடம். தெருக்கடைகள் விடியற்காலையிலேயே சுறுசுறுப்பாகிவிடுகின்றன, கூட்டத்தைப் பார்த்ததும் எனக்கு எங்கள் ஈரோட்டுக் கனி ஜவுளி மார்க்கெட் ஞாபகம் வந்தது. ஒரு பீஸுக்கு ஒரு விலை, மூன்று எடுத்தால் வேறு விலை. கலர் மாற்றி எடுக்கலாம். பாஷை வேண்டியதில்லை, கால்குலேட்டரை நீட்டுகிறார்கள், நாமும் அதிலேயே தட்டிக் காட்டலாம். போட்டுப் பார்க்க விட மாட்டார்கள், மாற்றியும் தர மாட்டார்கள். 'ஃப்ரீ சைஸ்' என்று மாட்டியிருப்பது நம் ஊர்ப் பெண்களில் பலருக்கு இடுப்பில் நிற்காது. பழைய உடுப்பு ஒன்றைக் கையில் கொண்டுபோய் மேலே வைத்து அளந்துகொள்ளுங்கள்.

சுற்றுலா வருகிறவர்கள் எல்லோரும் வாங்குகிற யானைப் படம் போட்ட பேண்ட்டை நானும் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். ரேயான். கவட்டுத் தையலில் ஓரம் பிரியாமல் அடிக்கும் ஓவர்லாக் ஒரு வரிசைதான், இழுத்தால் இடைவெளி தெரிகிறது. இடுப்பு எலாஸ்டிக்கையும் துணியோடு சேர்த்துத் தைக்காமல் உள்ளே சும்மா நுழைத்துவிட்டிருக்கிறார்கள், நாலு தோய்ப்பில் முறுக்கிக்கொள்ளும். எங்களோடு வந்த எதிர்க்கடை அக்கா, "ஏனுங்க, நம்ம ஊரு ரேயானுக்கு இத்தனை தூரம் வரோணுங்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஒன்றிரண்டு ஞாபகத்துக்கு வாங்குங்கள், பை நிறைய வேண்டாம். அதே தெருவில் குழந்தைகள் உடுப்பும் பருத்தி டி-ஷர்ட்டும் நன்றாகவே இருந்தன. கழுத்துப் பட்டி ரிப் துணியில், தோள் தையலில் டேப் வைத்து ஒழுங்காக முடித்திருந்தார்கள். என் பெட்டி அதில்தான் நிறைந்தது.

'சில்க்' என்று குவித்து வைத்திருக்கும் மலிவு ஷால்கள் விஷயத்தில் கவனம் வேண்டும். ஒன்று வாங்கி, ஓரத்தில் ஓர் இழையை உருவி, வெளியே வந்து தீக்குச்சியில் காட்டினேன். உருகிச் சுருண்டு கறுப்பு மணியாகக் கெட்டித்தது. பாலியஸ்டர். பட்டாக இருந்தால் முடி கருகுகிற வாடை வரும், சாம்பல் விரலில் பொடியாகும்.

நல்ல பட்டைப் பார்க்க, மதியம் நாங்கள் சில பெண்கள் மட்டும் சேன் சேப் கால்வாய்ப் படகில் ஏறினோம். ஹுவா சாங் படித்துறை அடுத்த நிறுத்தம்தான். இரண்டு பக்கமும் தார்ப்பாய் தொங்குகிறது, எதிர்ப்படகு வந்தால் ஓரத்தில் இருப்பவர் கயிற்றை இழுத்துத் தார்ப்பாயைத் தூக்க வேண்டும், இல்லாவிட்டால் கால்வாய்த் தண்ணீர் முகத்தில். டிக்கெட் கொடுப்பவர் படகின் வெளி விளிம்பிலேயே நடந்து வருகிறார். தண்ணீர் வாடை உண்டு, பொறுத்துக்கொள்ளலாம்.

இறங்கிக் கொஞ்சம் நடந்தால் ஜிம் தாம்சன் வீடு. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது வந்த அமெரிக்கர், தாய் பட்டை வெளிநாடுகளுக்குக் கொண்டுபோனவர். 1967-இல் மலேசியாவின் கேமரன் மலையில் நடக்கப் போனவர் திரும்பவே இல்லை. பழைய தேக்கு வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து சேர்த்துக் கட்டியிருக்கிறார். வீட்டுக்குள் கைடோடுதான் போக முடியும், அவர்கள் அவசரப்படுத்தாமல் சொல்கிறார்கள்.

கால்வாயின் அக்கரையில் பான் க்ருவா என்ற நெசவாளர் குடியிருப்பு. அங்கே இருக்கும் சாம் என்ற இனத்து முஸ்லிம் குடும்பங்கள்தான் அவருக்குத் தறி ஓட்டிக் கொடுத்தவர்கள். இன்று நெசவு ஒன்றிரண்டு வீடுகளில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஒரு சந்தில் தறிச் சத்தம் கேட்டு நின்றோம். எங்களோடு வந்த பெரியம்மா இளவயதில் தறி ஓட்டியவர். "கண்ணு, நம்மூட்டுச் சத்தமாட்டவே இருக்குது பாரு" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்விட்டார். நெய்பவரிடம் சைகையிலேயே கேட்டு, தறியில் நீளவாட்டில் ஓடும் பாவு நூலைப் புறங்கையால் தடவிப் பார்த்தார். பாவு நூல் சீராக இருந்தது, குறுக்கே ஓடும் ஊடை நூல் இடையிடையே தடித்தும் மெலிந்தும் ஓடியது. நெய்த துணியைச் சாய்த்துப் பிடித்தால் அந்தத் தடிப்புகள்தான் வெளிச்சத்தை வாங்குகின்றன. அதைக் குறை என்று நினைத்து விலை குறைக்கச் சொல்லாதீர்கள், தாய் பட்டின் அழகே அதுதான். ஒரு சால்வை வாங்கினேன். பேரம் பேசவில்லை. கூலி என்னவாகும் என்று தெரிந்தவள் எப்படிப் பேச முடியும்?

குழுவில் மற்றவர்களுக்கும் இந்த இடங்களைக் காட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். ரத்தினக்கல் கடைக்குக் கொடுத்த நேரமே இதற்குப் போதும்.

கடைசியாக வரி விஷயம். 'வாட் ரீஃபண்ட்' (VAT Refund, வரியைத் திருப்பித் தருவது) பலகை வைத்திருக்கும் கடையில் ஒரே நாளில் 2,000 பாட் (தாய்லாந்துப் பணம்) மதிப்புக்குக் குறையாமல் வாங்கினால் 7 சதவீத வரியில் பெரும்பகுதி விமான நிலையத்தில் திரும்பக் கிடைக்கும். வாங்குகிற அன்றே பாஸ்போர்ட்டைக் காட்டிப் படிவம் எழுதி வாங்க வேண்டும். பிரதுனாம் தெருக்கடைகளில் இது நடக்காது, பெரிய கடைகளில்தான். படிவத்தையும் பொருளையும் பெட்டியின் மேலாக வையுங்கள், பெட்டியைச் செக்-இன்னில் போடுவதற்கு முன்பே சுங்கக் கவுன்டருக்குப் போய்விடுங்கள். எங்கள் குழுவில் இதைச் செய்தவர்கள் கொஞ்சம் பேர்தான், ஏனென்றால் டூர் மேனேஜர் சொன்னது ஏர்போர்ட் பஸ்ஸில் ஏறிய பிறகு.