பைத்தான் டியூட்டர்: செல்ஃப் எங்கே போகிறது என்று காட்டும் தளம்

வீட்டு மாடியில் பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் டியூஷன் எடுக்கிறேன். பதினொன்றாம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ் படித்துவிட்டு வரும் பிள்ளைகள், பன்னிரண்டில் பைத்தான் கிளாஸ் (ஆப்ஜெக்ட்டுகளை வார்க்கும் அச்சு) பாடத்துக்கு வந்ததும் ஒரே இடத்தில்தான் முட்டிக்கொள்கிறார்கள்: செல்ஃப், அதாவது மெத்தட் எந்த ஆப்ஜெக்ட்டுக்காக ஓடுகிறதோ அதைக் குறிக்கும் பெயர். சி பிளஸ் பிளஸ்ஸில் இதே வேலையைச் செய்யும் 'திஸ்' கண்ணுக்குப் படாமல் ஒளிந்திருக்கும். பைத்தானிலோ மெத்தட் (கிளாஸுக்குள் இருக்கும் ஃபங்ஷன்) எழுதும்போது செல்ஃபை முதல் ஆளாக நாமே எழுத வேண்டும், கூப்பிடும்போது எழுதக்கூடாது. இது என்ன நியாயம் என்று கேட்கத்தானே செய்வார்கள்!

இதற்காகத்தான் பைத்தான் டியூட்டர் தளத்தைப் பயன்படுத்த ஆரம்பித்தேன். பிலிப் குவோ என்பவர் 2010-ல் உருவாக்கியது. காசு இல்லை, கணக்கு திறக்கவும் வேண்டாம். நிரலை ஒட்டி, பொத்தானை அழுத்தி, ஒவ்வொரு வரியாக நகர்த்திப் பார்க்கலாம். இடப்பக்கம் நிரல், வலப்பக்கம் ஃபிரேம்ஸ் (ஓடிக்கொண்டிருக்கும் ஃபங்ஷனின் பெயர்களும் மதிப்புகளும்), ஆப்ஜெக்ட்ஸ் என்று பெட்டிகளும் அம்புகளும்.

நான் வழக்கமாகக் காட்டுவது டீக்கடைப் பற்றுக் கணக்கு. 'கணக்கு' என்று ஒரு கிளாஸ், 'ரவி' என்று ஒரு ஆப்ஜெக்ட். வரவு(தொகை) என்று செல்ஃப் இல்லாமலே மெத்தடை எழுதச் சொல்வேன். ரவி.வரவு(100) என்று கூப்பிட்டதும் சிவப்பில் டைப்எரர் என்ற பிழை வரும்: ஒரு ஆர்கியூமென்ட்தான் (அடைப்புக்குறிக்குள் கொடுக்கும் மதிப்பு) வாங்கும், இரண்டு கொடுத்திருக்கிறாய் என்று. "சார், நூறுன்னு ஒண்ணுதானே குடுத்தோம், இன்னொண்ணு யார் குடுத்தா?" ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார்.

சரி, அந்த 100-ஐ அழித்துவிட்டு வெறும் ரவி.வரவு() என்று ஓட்டு என்பேன். இந்த முறை கூப்பிடும் இடத்தில் பிழை வராது. புதிய ஃபிரேம் திறக்கும். அதில் 'தொகை' என்ற பெயரிலிருந்து ஒரு அம்பு கிளம்பி நேராக ரவியின் பெட்டியில் போய்க் குத்தும். பணம் இருக்க வேண்டிய இடத்தில் ரவியே உட்கார்ந்திருக்கிறான்! மாடி முழுக்கச் சிரிப்பு. டாட்டுக்கு இடப்பக்கம் நிற்கும் ஆள்தான் முதல் ஆர்கியூமென்ட்டாக உள்ளே போகிறான் என்பதைக் கரும்பலகையில் அரை மணி நேரம் எழுதியும் என்னால் இவ்வளவு தெளிவாகச் சொல்ல முடிந்ததில்லை. அப்புறம் செல்ஃபைச் சேர்த்துவிட்டு ரவி.வரவு(100), கணக்கு.வரவு(ரவி, 100) இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டுவேன். படம் ஒன்றேதான்.

அடைப்புக்குறியை மறந்து ரவி.வரவு என்று மட்டும் எழுதினால் ஃபிரேமே திறக்காமல் அடுத்த வரிக்குப் போய்விடும். மெத்தடைச் சுட்டுவது வேறு, கூப்பிடுவது வேறு என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பாக்கிப் பட்டியலை இனிட்டுக்குள் (ஆப்ஜெக்ட் உருவாகும்போதே ஓடும் மெத்தட்) வைக்காமல் கிளாஸ் உடம்பிலேயே வைத்துவிட்டு, ரவியின் பாக்கி மாலாவின் கணக்கில் ஏறும் குழப்பமும் அப்படித்தான்: பட்டியலுக்கு அம்பு கிளாஸ் பெட்டியிலிருந்து மட்டும் போகும், ரவி, மாலா பெட்டிகளிலிருந்து ஒன்றும் போகாது.

கல்லூரிப் பிள்ளைகள் வந்தால் கிளாஸ்மெத்தடையும் (ஆப்ஜெக்ட்டுக்குப் பதில் கிளாஸையே வாங்கும் மெத்தட்) போட்டுக் காட்டுவேன். தலையில் அதற்கான டெக்கரேட்டரை (மெத்தடுக்கு மேலே எழுதும் குறி) வைத்ததும் முதல் அம்பு ஆப்ஜெக்ட்டை விட்டுவிட்டு கிளாஸையே சுட்டும். ஸ்டாட்டிக்மெத்தடில் அந்த அம்பே இருக்காது. சாதாரண மெத்தட், கிளாஸ்மெத்தட், ஸ்டாட்டிக்மெத்தட் மூன்றையும் பிரித்துக்காட்ட இதற்கு மேல் எனக்கு ஒன்றும் தேவைப்படவில்லை.

குறை இல்லாமல் இல்லை. தளம் முழுக்க ஆங்கிலம். செல்போன் திரையில் நிரலும் படமும் நெருக்கியடித்துக் கொண்டு நிற்கும். மடிக்கணினி இருந்தால்தான் சுகம். நீளமான நிரலுக்கு இது ஆகாது, சுமார் ஆயிரம் படியில் நின்றுவிடும். கோப்பு திறந்து படிக்கும் பாடத்துக்கும் உதவாது. ஆப்ஜெக்ட்டுகள் ஏழெட்டு ஆகிவிட்டால் அம்புகள் சிக்கலெடுக்காத தலைமுடி மாதிரி ஆகிவிடும், எனவே இருபது வரிக்குள் வைத்துக்கொள்வது நல்லது.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். முதல் முறை போகிறவர்கள் செல்ஃபை எழுதாமல் ஓட்டிப் பாருங்கள்.