வசன ஸ்டாம்ப் கார்டு கிட் வாங்கலாமா? ரெண்டு மாசம் யூஸ் பண்ணிட்டு சொல்றேன்

முதல்லயே சொல்லிடுறேன், பிராண்ட் பேர் போட மாட்டேன். இதே கிட்ட டப்பா கலர மட்டும் மாத்தி ஏகப்பட்ட பேர் விக்குறாங்க, அதுவும் இல்லாம கீழ நான் திட்டப்போறது கொஞ்சம் ஜாஸ்தி. பைபிள் வசனம் போட்ட வாழ்த்து அட்டைய நாமளே செய்யுற கிட். உள்ள தமிழ்ல ஒரு ஷீட் இங்கிலீஷ்ல ஒரு ஷீட் க்ளியர் ஸ்டாம்ப் (மை தொட்டு அடிக்குற, கண்ணாடி மாதிரி தெரியுற முத்திரை), அத ஒட்டி அழுத்துறதுக்கு ஒரு அக்ரிலிக் ப்ளாக், கறுப்பு டை இங்க், தங்க கலர் பிக்மென்ட் இங்க், எம்பாஸிங் பவுடர் ஒரு டப்பா, மடிச்ச கார்டு, கவர், கொஞ்சம் கலர் பேப்பர். ஹீட் கன், அதாவது பவுடர உருக்குற அளவுக்கு சூடான காத்து ஊதுற கருவி, தனியா வாங்கணும், அது டப்பா மேல பொடி எழுத்துல போட்டிருக்கு, பிரிச்சதுக்கு அப்புறம்தான் பாத்தேன்.

எங்க ஜெபக்குழுவுல நாலு பேர் சேந்து கார்டு செஞ்சு அனுப்புறோம். படுத்த படுக்கையா இருக்கவங்களுக்கு, துக்க வீட்டுக்கு, ஞானஸ்நானம் எடுத்தவங்களுக்குன்னு. இதுவரைக்கும் ஸ்கெட்ச் பேனாவும் வாட்டர் கலரும்தான், எழுத்து கோணலா இருக்குன்னு எனக்கே கூச்சம், அதனாலதான் இந்த கிட்டு.

புது ஸ்டாம்ப எடுத்த உடனே அடிச்சா இங்க் ஒட்டாம முத்து முத்தா நிக்கும். நான் ஸ்டாம்ப் மோசம்னு நினைச்சு ரிட்டர்ன் பண்ண போயிட்டேன். அப்புறம் குழுவுல ஒரு அக்கா சொன்னாங்க, மேல ஒரு வழவழப்பு இருக்கும், வெள்ளை ரப்பர்ல மெதுவா தேய்ச்சுட்டு அடின்னு. தேய்ச்சேன், பளிச்சுன்னு விழுந்துச்சு. இத ஒரு வரி கைடுல போட்டிருந்தா என்ன குறைஞ்சிருக்கும்? கைடு முழுக்க பூ போட்டு அழகா இருக்கு, விஷயம்தான் ஒண்ணும் இல்ல. யூஸ் பண்ணி முடிச்சதும் தண்ணில கழுவி, வெயில் படாத இடத்துல வையுங்க, இந்த மெட்டீரியல் வெயில் பட்டா மஞ்சளாயிடும். இங்க் கறை ஏறுறது வேற, அதுக்கு பயப்பட வேணாம்.

எம்பாஸிங்தான் இதுல நிஜமாவே சூப்பர். தங்க பிக்மென்ட் இங்க்ல அடிச்சு, ஈரம் காயுறதுக்குள்ள பவுடர தூவி, மிச்சத்த தட்டிட்டு ஹீட் கன் காட்டினா பவுடர் உருகி எழுத்து அப்படியே மேல எழும்பி மினுங்கும். கறுப்பு டை இங்க்ல இத ட்ரை பண்ணாதீங்க, அது சட்டுன்னு காஞ்சிடும், பவுடர் பாதி இடத்துல ஒட்டாது. முடி காயவைக்குற ட்ரையர்லயும் ஆகாது, அந்த சூடு பத்தாது, காத்து வேகத்துல பவுடர் பூரா மேஜை மேல பறக்கும் (பறந்துச்சு). இன்னொரு விஷயம், இந்த எழுத்த விரலால தடவி பாக்கலாம். நாங்க கார்டு அனுப்புற பெரியம்மா ஒருத்தருக்கு கண்பார்வை ரொம்ப மங்கல், அவங்க சிலுவைய விரலால தடவிக்கிட்டே இருந்தாங்களாம், அவங்க மக சொன்னா. இதுக்காகவே நான் இன்னொரு டப்பா பவுடர் வாங்குவேன்.

கார்டு பேப்பர் சுமார். 200 ஜிஎஸ்எம் (அட்டை எவ்ளோ கனம்னு சொல்ற அளவு) பக்கம்தான் இருக்கும்னு தோணுது, நிக்க வெச்சா வளையுது, ஹீட் கன் காட்டினா இன்னும் வளையுது. நான் 300 ஜிஎஸ்எம் ஏ4 அட்டை தனியா வாங்கிட்டேன். ஏ4 ரெண்டா வெட்டி, ஒவ்வொண்ணையும் மடிச்சா ஏ6 சைஸ் கார்டு, அதாவது 105க்கு 148 மில்லிமீட்டர், சி6 கவர் கரெக்டா பொருந்தும். மடிக்குறதுக்கு முன்னாடி ஸ்கேல் வெச்சு மொட்டையான ஏதாவது முனையால ஒரு கோடு அழுத்தி இழுத்துட்டு மடிங்க, இல்லன்னா கெட்டி அட்டை மடிப்புல வெடிச்சு நார் நாரா தெரியும். கிட்டுல வந்த கவர் ரொம்ப டைட், ஃபோம் டேப் வெச்சு ஒரு பூவ தூக்கி ஒட்டினா கார்டு உள்ளயே போகல.

இப்ப திட்டு.

இங்கிலீஷ் ஷீட்டுல பிலிப்பியர் வசனம் ஒண்ணு இருக்கு, என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலேன்னு வருமே, அதேதான். அதுக்கு கீழ 4:31ன்னு போட்டிருக்கான். பிலிப்பியர் நாலாம் அதிகாரத்துல மொத்தமே 23 வசனம்தாங்க! 4:13 அத திருப்பி போட்டுட்டான். நான் இத கவனிக்காம ஆறு கார்டு அடிச்சு அனுப்பிட்டேன், வாங்கின ஒருத்தர் பைபிள எடுத்து தேடி பாத்துட்டு போன் பண்ணி சிரிக்குறாரு. கம்பெனிக்கு எழுதினேன், பதில் வரல. பைபிள் வசனத்தையே பொருளா விக்குறவன் ஒரு தடவை பைபிள தொறந்து பாக்க மாட்டானா? இன்னொண்ணு, அந்த வசனத்த எக்ஸாம் எழுதுற பசங்களுக்குன்னு கைடுல போட்டிருக்கு. அதுக்கு முந்தின வசனத்துல, இத எழுதின பவுல், பசியா இருக்கவும் தெரியும் திருப்தியா இருக்கவும் தெரியும்னு சொல்லிட்டு வர்றாரு, அதுவும் சிறைல கட்டப்பட்டு கிடக்குற காலத்துல எழுதின கடிதம். வேலை போன ஒருத்தருக்கு அத அனுப்பினா எவ்ளோ நல்லா பொருந்தும், மார்க்குக்கு போய் அத சுருக்கிட்டாங்க.

தமிழ் ஷீட்டுல வேற கூத்து. எழுத்தெல்லாம் நல்லா வடிவா இருக்கு, ஆனா புள்ளி ரொம்ப சின்னது. இங்க் அங்க சரியா ஏறல, கர்த்தர்னு அடிச்சா கரததரன்னு விழுது. ரெண்டு புள்ளி முதல் தடவை கழுவும்போதே பிஞ்சு போச்சு. இங்கிலீஷ் ஃபான்ட்டுக்கு ஓடுற அதே சைஸ தமிழுக்கும் வெச்சிருக்காங்க, புள்ளியும் கொம்பும் இருக்குற எழுத்துக்கு அத விட பெருசா செய்யணும்னு யோசிக்கல. இப்ப என்ன பண்றேன்னா ஸ்டாம்ப் அடிச்சுட்டு மெல்லிசு ஜெல் பேனாவால ஒவ்வொரு புள்ளியா நானே வெக்குறேன். முதல்ல எரிச்சலாதான் இருந்துச்சு, அப்புறம் பழகிடுச்சு, புள்ளி வெக்குற நேரத்துல இது யாருக்கு போகுதோ அவங்க பேர சொல்லி ஜெபம் பண்ணிடுறேன், ஒரு கார்டுக்கு ஒரு பத்து பன்னெண்டு புள்ளி வந்துடும்.

வசன தேர்வு பத்தியும் சொல்லணும். எல்லாமே சந்தோஷ வசனம். துக்க வீட்டுக்கு எத அனுப்ப? எரேமியா 29:11, சமாதானத்துக்கேதுவான நினைவுகள், அது இருக்கு, ஆனா புருஷன் செத்து நாலு நாள்கூட ஆகாத அம்மாவுக்கு அத அனுப்ப எனக்கு கை வரல. அந்த அதிகாரமே பாபிலோனுக்கு சிறைபிடிச்சு போனவங்களுக்கு எரேமியா எழுதி அனுப்பின கடிதம், அதுக்கு முந்தின வசனத்துலயே எழுபது வருஷம் ஆகும்னு சொல்லிட்டுதான் இது வருது. அந்த எழுபத விட்டுட்டு இத மட்டும் வெட்டி ஸ்டாம்பா போட்டா என்னமோ நாளைக்கே எல்லாம் சரியாயிடும்ங்குற மாதிரி ஆயிடுது. சங்கீதம் 34:18 ஒண்ணு வெச்சிருக்கலாம், நொறுங்குண்ட இருதயம் உள்ளவங்களுக்கு கர்த்தர் சமீபமா இருக்காருன்னு. இல்ல யோவான் 11:35, இயேசு கண்ணீர் விட்டார். மூணே வார்த்தை, எவ்ளோ சின்ன ஸ்டாம்ப்ல அடங்கும்! கடைசில அந்த கார்டுக்கு நான் ஸ்டாம்பே எடுக்கல, வெறும் வெள்ளை அட்டைல அந்த மூணு வார்த்தைய என் கோணல் எழுத்துல எழுதி அனுப்பினேன்.

பட ஸ்டாம்புல மீன்தான் பெஸ்ட். ரெண்டே வளைவு கோடு. கிரேக்கத்துல மீனுக்கான சொல்லோட அஞ்சு எழுத்தையும் பிரிச்சா இயேசு, கிறிஸ்து, தேவனுடைய, குமாரன், இரட்சகர்னு வரும், ஞானஸ்நான கார்டுல மீனு கீழ அத நான் எழுதி வெப்பேன், பசங்க புதிர் மாதிரி ரசிக்குறாங்க. கிறிஸ்துமஸ் படம்னு குடுத்திருக்குறது மானும் மணியும், முன்னணை (குழந்தை இயேசுவ கிடத்தின தீவனத்தொட்டி) இல்ல. அதுக்கு கோவப்படலாம்னு பாத்தேன், ஆனா 1843ல லண்டன்ல ஹென்றி கோல்ங்குறவர் அச்சடிக்க வெச்ச முதல் கிறிஸ்துமஸ் கார்டுலயே முன்னணை கிடையாது, நடுவுல ஒரு குடும்பம் ஒயின் கிளாஸ தூக்கிட்டு உக்காந்திருக்கும், சின்ன குழந்தை கைலயும் குடுப்பாங்க, அதுக்கு அப்பவே மதுவிலக்குக்காரங்க சண்டை போட்டாங்க. ஆனா ரெண்டு ஓரத்துலயும் ஏழைகளுக்கு சாப்பாடும் துணியும் குடுக்குற படம் இருக்கும், நம்ம கிட்டுல அது கூட இல்ல. சர்ச்சுல ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு கலர் உண்டு. கலர் பேப்பர்ல ஊதா இருக்கு, ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு காலத்துக்கு ஆச்சு, வெள்ளை இருக்கு ஈஸ்டருக்கு ஆச்சு, பரிசுத்த ஆவி இறங்கின நாளான பெந்தெகொஸ்தேக்கு சிவப்பு ஒரு தாள் கூட இல்ல, ஆனா பிங்க் மட்டும் எட்டு தாள்.

முக்கியமான ஒண்ணு. இந்த கிட் வந்ததுல இருந்து முதல் ரெண்டு வாரம் நான் உள்ள எழுதுறதையே விட்டுட்டேன். உள் பக்கத்துக்கும் ஸ்டாம்ப் இருக்கு, உங்களுக்காக ஜெபிக்கிறோம்னு, அத அடிச்சு கவர்ல போட்டா வேலை முடிஞ்சுது, ஒரு மணி நேரத்துல பதினஞ்சு கார்டு. அந்த பதினஞ்சுல ஒருத்தர் கூட பதில் போடல. கோணல் எழுத்துல எழுதினப்ப போன் வரும், சில பேர் திருப்பி லெட்டரே போடுவாங்க. பவுல் நிருபம், அதாவது கடிதம், சொல்ல சொல்ல இன்னொருத்தர் எழுதுவாங்க, ரோமருக்கு எழுதினது தெர்தியுன்னு அதுலயே இருக்கு, ஆனா ரெண்டாம் தெசலோனிக்கேயர் கடைசில வாழ்த்த மட்டும் என் கையெழுத்தால எழுதுறேன், எல்லா நிருபத்துலயும் இதுதான் அடையாளம்னு சொல்லுவாரு. இத ஞாயித்துக்கிழமை வாசிச்சுட்டு வந்து அந்த உள் பக்க ஸ்டாம்ப தூக்கி டப்பால போட்டுட்டேன். இப்ப வெளிய ஸ்டாம்ப், உள்ள பேனா, குறைஞ்சது நாலு வரி.

வாங்கலாமான்னு கேட்டா, எம்பாஸிங் பவுடரும் தங்க இங்க்கும் தனியா கிடைச்சா அது மட்டும் வாங்குங்க. ஸ்டாம்ப் ஷீட்டு வேணும்னா தமிழ்ல எழுத்து பெருசா இருக்குறத பாத்து எடுங்க, வசன எண்ண பைபிள்ல சரி பாருங்க. குழந்தைங்களோட சண்டே ஸ்கூல்ல உக்காந்து செய்யுறதுக்கு கிட் வசதிதான், ஹீட் கன் மட்டும் பெரியவங்க கைல இருக்கட்டும்.

அந்த 4:31 ஸ்டாம்ப தூக்கி போடல. எண் இருந்த ஓரத்த கத்திரிக்கோலால வெட்டிட்டேன், இப்ப வசனம் மட்டும் விழுது, 4:13ன்னு கீழ நானே எழுதிக்குறேன்.