கல்வாழை வேர்ப்பாத்தி: நான்கு மாரிக்குப் பிறகு

குசினித் தண்ணீரும் குளியல் தண்ணீரும் வேர்ப்பாத்தி வழியாகப் போகத் தொடங்கி நான்கு மாரி கடந்துவிட்டது. வேர்ப்பாத்தி என்பது சல்லி நிரப்பிச் செடி நட்டு, பாவித்த தண்ணீரை அதன் ஊடாக விட்டுத் தெளிய வைக்கும் பாத்தி. ஐந்து பேர் புழங்கும் வீடு, யாழ்ப்பாணத்தில் சுன்னாகம் பக்கத்துச் செம்மண் காணி. மலசலகூடத் தண்ணீர் இதற்குள் வருவதில்லை. அது தனிக் குழிக்குப் போகிறது, அப்படியேதான் இருக்க வேண்டும்.

சதுப்பு நிலம் அழுக்குத் தண்ணீரை எப்படித் தெளிய வைக்கிறது என்று பார்த்து எடுத்த முறை இது. ஜேர்மனியின் மக்ஸ் பிளாங் நிறுவனத்தில் கேத்தே சைடல் என்ற தாவரவியலாளர் 1950களில் கோரை இனச் செடிகளை வைத்துச் செய்த பரிசோதனைகளிலிருந்து வளர்ந்தது. செடியே தண்ணீரைக் குடித்துச் சுத்தமாக்குகிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். செடி எடுப்பது கொஞ்சம்தான். சல்லியிலும் வேரிலும் வழுவழுவென்று படியும் பற்றீரியாப் படலமே சவர்க்காரத்தையும் உணவுக் கரைசலையும் தின்கிறது. வேர் அதற்கு இடம் கொடுக்கிறது. இதை விளங்கிக்கொண்டால் பராமரிப்பில் பாதி தானாகவே பிடிபடும்.

கிணற்றடித் தண்ணீரை வாழைக்கு விடுவது நம் பழைய வழக்கம், நல்ல வழக்கமும்தான். ஆனால் மண் ஆழம் குறைந்த காணியில் தண்ணீர் வேரடியில் தங்குவதில்லை. குடாநாட்டுச் சுண்ணாம்புக்கல் முழுவதும் வெடிப்பும் பொந்தும். கீரிமலையில் கடலோரம் நன்னீர் ஊறுவதும், நிலாவரைக் கிணறு அவ்வளவு ஆழத்துக்குத் திறந்து கிடப்பதும் அதனால்தான். அந்த வெடிப்பில் இறங்கும் சவர்க்காரத் தண்ணீர் பக்கத்து வளவுக் கிணற்றுக்கும் போகலாம். அதனால் அடியில் தண்ணீர் ஒழுகாத பாத்திதான் இங்கே சரி.

அளவு: நீளம் 4 மீற்றர், அகலம் 1.5 மீற்றர், சல்லி ஆழம் 60 சென்ரிமீற்றர். தண்ணீர் மட்டம் சல்லிக்கு மேலே வராமல் 10 சென்ரிமீற்றர் கீழே நிற்க வேண்டும். சல்லியின் இடைவெளி ஏறத்தாழ 40 வீதம் என்று கணக்கிட்டால் 1,200 லீற்றர் பிடிக்கும். நாளுக்கு 400 லீற்றர் வந்தால் மூன்று நாள் தங்கும். இரண்டு நாளுக்குக் குறைய விடாதீர்கள். சல்லி ஒன்றேகால் கியூபுக்குச் (ஒரு கியூப் 100 கன அடி) சற்றுக் கூட வேண்டும். நடுப்பகுதிக்கு அரை, முக்கால் அங்குலக் கருங்கல் சல்லி. இரண்டு முனையிலும் 40 சென்ரிமீற்றருக்கு கைமுட்டியளவுக் கல். மென்மையான வெள்ளைச் சுண்ணாம்புக்கல் மலிவுதான், ஆனால் உதிர்ந்து மாவாகி அடைக்கும். கருங்கல் சல்லியையும் தூள் போகக் கழுவாமல் போடக் கூடாது.

பொலித்தீன் விரிப்பதானால் அடியில் 5 சென்ரிமீற்றர் மணல் கட்டாயம், கூர்க்கல் கிழித்துவிடும். சீமெந்துக் கல் கட்டிப் பூசுவது செலவு கூட, ஆனாலும் எங்கள் காணிகளுக்கு அதுவே நல்லது. வெளிவாய்க்கு அசையும் முழங்கைக் குழாய் பூட்டுங்கள். மட்டத்தை ஏற்ற இறக்க அது ஒன்று போதும், அது இல்லாவிட்டால் பின்னால் எந்தப் பழுதையும் சரிப்படுத்த முடியாது.

இனி முக்கியமான இடம்: பாத்திக்கு முன்னால் வைக்கும் எண்ணெய்த் தொட்டி. 100 லீற்றர் பிளாஸ்ரிக் பீப்பா போதும். வெளியேறும் குழாயில் 'ரீ' (T வடிவ இணைப்பு) பூட்டி, அதன் கீழ்க்கால் தண்ணீரின் நடுப்பகுதிவரை இறங்க வேண்டும். மேலே மிதக்கும் கொழுப்பும் கீழே படியும் சோற்றுப் பருக்கையும் உள்ளேயே நிற்கும். எங்கள் குசினியில் தேங்காய்ப்பால் கொழுப்பும் தேங்காய்ப்பூவும் அதிகம். அதோடு எண்ணெய் முழுக்கு, அரப்புத் தூள். குளியல் குழாயையும் இதற்குள்ளேயே விட வேண்டியது அதனால்தான். மூன்று கிழமைக்கு ஒருமுறை மிதக்கும் கொழுப்பு ஆடையை அள்ளிக் காய்ந்த சருகோடு கூட்டெருக் குழியில் போட்டு மண்ணால் மூடலாம். ஆறு கிழமை விட்டால் கொழுப்பு பாத்திக்குள் போய்விடும். முதல் வருடம் நடந்தது அதுதான்.

செடிக்குக் கல்வாழை, 40 சென்ரிமீற்றர் இடைவெளியில். நட்ட முதல் மூன்று கிழமை மட்டத்தை மேலே வைத்து, பிறகு மெல்ல இறக்கினால் வேர் ஆழம் தேடும். சம்பும் (சதுப்பில் வளரும் உயரமான புல் போன்ற செடி) வளரும், ஆனால் மற்றதை நெருக்கிக்கொண்டு பரவும், பஞ்சு பறக்கும். இலையைச் சுருட்டும் புழு வந்தால் தண்டோடு வெட்டி எடுங்கள், மருந்து அடிக்காதீர்கள். பிளீச்சிங் தூள் கரைத்த வாளியைப் பாத்தியின் வாயில் கவிழ்ப்பதும் பற்றீரியாப் படலத்தைக் கொல்லும்.

இரண்டாம் வருட முடிவில் உள்வாய்ப் பக்கம் சல்லிக்கு மேலே தண்ணீர் தெரிந்தது. அடைப்பின் முதல் அடையாளம் அது, நுளம்பு முட்டையிடும் இடமும் அதுவே. தண்ணீரை இரண்டு நாள் வாழைக்குத் திருப்பி, முதல் அரை மீற்றர்க் கல்லை அள்ளிக் கழுவி வெயிலில் காயப் போட்டு மீண்டும் அடுக்கினால் தீரும். இருவருக்கு அரைநாள் வேலை. ஆவணிக்குள் செய்துவிடுங்கள். மாரியில் பொலித்தீன் பாத்தியை வெறுமையாக்கினால் நிலத்தடி நீர் ஏறி விரிப்பைத் தூக்கிவிடும்.

கூழ்முட்டை மணம் வந்தால் ஒட்சிசன் தீர்ந்து ஐதரசன் சல்பைட்டு உண்டாகிறது என்று அர்த்தம். மட்டத்தை ஒரு கிழமை 10 சென்ரிமீற்றர் இறக்கிக் காற்றுப் புக விட்டால் அடங்கும். சுற்றிவர 15 சென்ரிமீற்றர் வரம்பு கட்டுங்கள். அது இல்லாத பாத்திக்குள் கார்த்திகை மழையில் முற்றத்துச் செம்மண் ஒரே இரவில் இறங்கும், பிறகு சல்லி முழுவதையும் கிளற வேண்டியதுதான்.

வெளிவரும் தண்ணீர் தெளிவாக, மணமில்லாமல் இருக்கும். ஆனாலும் குடிக்க ஆகாது, பச்சையாகத் தின்னும் கீரைக்கும் விடக் கூடாது. தென்னைக்கும் வாழைக்கும் அடியில் விடலாம். கோடையில் கிணறு உவர்ப்பேறினால் கல்வாழை இலை ஓரம் கருகும். அந்தக் காலத்தில் தென்னைக்கு மட்டும் விடுங்கள்.